தெரு உயர்ந்தது, வாசல் தாழ்ந்தது

சென்னை தியாகராய நகரின் உள்தெருக்களில் இன்னும் இடிபடாமல் நிற்கும் பழைய வீடுகளின் வாசலைப் பார்த்தாலே, ஒரு நகரத் தெரு நூறாண்டில் என்ன ஆகிறது என்பது புரிந்துவிடும். மூன்று படி ஏறி உள்ளே போகும்படி கட்டிய வீட்டில் இப்போது ஒரு படிதான் வெளியே தெரியும். சில வீடுகளுக்குத் தெருவிலிருந்து இறங்கித்தான் போக வேண்டும். இரும்புக் கேட் தரையில் இடிக்காமல் திறப்பதற்காக அதன் அடிப்பக்கத்தை அறுத்திருப்பார்கள். வீடு மண்ணுக்குள் இறங்கிவிட்டதுபோலத் தோன்றினாலும், பெரும்பாலும் அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. தெருதான் மேலே வந்திருக்கிறது.

இந்தப் பகுதி 1920-களில் மாம்பலம் ஏரியின் நீரை வடித்து, அதன் படுகையில் மனைகள் பிரித்து உருவாக்கப்பட்டது. இயல்பிலேயே தாழ்வான அந்த நிலத்தில் தெருவைவிட வீட்டை உயர்த்திக் கட்டியது முன்யோசனைதான். அந்த உயரத்தைத்தான் தார் மெல்ல மெல்லத் தின்றது.

நாம் தார் என்று சொல்வது, கச்சா எண்ணெயை வடித்த பிறகு மிஞ்சும் பிசுபிசுப்பான பிடுமன். ஜல்லியைப் பிணைத்து வைப்பதும், சக்கரங்களின் அழுத்தத்துக்குச் சற்றே வளைந்துகொடுப்பதும் அதுதான். வெயிலிலும் காற்றிலும் கிடக்கக் கிடக்க, அதிலுள்ள இலேசான எண்ணெய்ப் பகுதிகள் ஆவியாகின்றன; மிச்சமிருப்பது ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. வளையும் தன்மை போனதும் பேருந்துச் சக்கரத்தின் அடியில் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே இறங்கும் மழைநீர் அடித்தளத்தைக் குழைத்துவிட, தெருவில் குழி விழுகிறது. அப்போது கைக்கு எளிதான வழி, பழைய பரப்பின்மேல் புதிய தார்க்கலவையைக் கொட்டி உருளையால் அழுத்திவிடுவது. ஒருமுறைக்கு 4 செ.மீ. என்று வைத்தாலும் ஆறு முறைக்கு 24 செ.மீ. ஆகிறது, மேடுபள்ளத்தைச் சமன்படுத்தப் போடும் அடுக்கு இதில் சேராது.

இதே நூறாண்டில் தெருவின் இருபுறமும் மாறிவிட்டன. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையின்மேல் 100 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 22,300 லிட்டர் நீர் சேரும். தோட்டமும் கிணற்றடியும் இருந்த காலத்தில் அதில் பெரும்பங்கை மண் குடித்தது. மனை முழுவதையும் கான்கிரீட் மூடிய பிறகு, அநேகமாக அத்தனையும் தெருவை நோக்கி ஓடுகிறது. தெருவோ நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரியும்படி அமைக்கப்படுவது. ஓரத்து வடிகாலின் வாய் தாருக்கு அடியில் புதைந்து போயிருந்தால், அந்த நீருக்கு எஞ்சும் தாழ்வான இடம் பழைய வீட்டின் முற்றம்தான்.

வசதியுள்ளவர்கள் அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை அறுத்து, ஜாக்கிகளை வரிசையாகக் கொடுத்து, வீட்டையே சில அடி தூக்கிக்கொள்கிறார்கள். பொறியியல் திறன் என்ற வகையில் அது வியக்கத்தக்கது. ஆனால் அவர்கள் உயர்ந்ததும் பக்கத்து வீடு தாழ்வாகிவிடுகிறது. தெருவில் செய்யாமல் விட்ட வேலையின் செலவைக் குடியிருப்பவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

அந்த வேலைக்குப் பெயர் மில்லிங். கடினமான உலோகப் பற்கள் பதித்த உருளை ஒன்று சுழன்று, வேண்டிய ஆழத்துக்குப் பழைய தாரைச் சுரண்டி லாரியில் ஏற்றிவிடும். சுரண்டியதைச் சூடாக்கிப் புதுக் கலவையோடு சேர்த்து மறுபடி பயன்படுத்தவும் முடியும். 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, இப்படிச் சுரண்டிய பிறகே சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் அது நடந்ததா என்று அறிய, புதிதாகத் தார் போட்ட மறுநாள் பாதாளச் சாக்கடை மூடியைப் பாருங்கள். மூடியும் தெருவும் முன்போலவே ஒரே மட்டத்தில் இருந்தால் சுரண்டியிருக்கிறார்கள்; மூடி மட்டும் நாலு விரற்கடை ஆழத்தில் கிடந்தால், மேலேயே போட்டிருக்கிறார்கள்.