மின் கணப்பு வாங்கும் முன் வீட்டின் பவர் பிளக்கைக் கவனியுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் ஒயரிங் வேலை செய்துவரும் எங்களிடம், வரவேற்பறையில் டிவிக்குக் கீழே மின் கணப்பு (எலெக்ட்ரிக் ஃபயர்பிளேஸ்) பொருத்த இடம் விடச் சொல்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். அழகுக்காக வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது 2000 வாட் வரை மின்சாரம் எடுக்கும் ஹீட்டர் என்பதை மனத்தில் கொண்டே இடமும் இணைப்பும் முடிவு செய்யப்பட வேண்டும்.

இந்தக் கருவியில் தீ எரிவதில்லை. எல்.இ.டி. விளக்கின் ஒளியை, மெல்லச் சுழலும் தண்டில் பதித்த பளபளப்பான தகடுகள் சிதறடித்துத் திரையில் வீழ்த்த, அது தீநாக்குபோல் அசைகிறது. வெப்பம் தருவது வேறு பகுதி: நிக்ரோம் கம்பிச் சுருளோ செராமிக் தகடோ மின்சாரத்தால் சூடாக, சிறு மின்விசிறி அந்தச் சூட்டை அறைக்குள் தள்ளுகிறது. பெரும்பாலான மாடல்களில் ஹீட்டரை அணைத்துவிட்டுத் தீக்காட்சியை மட்டும் ஓட விடலாம். அப்போது செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ஆண்டு முழுவதும் தேவையில்லை என்பதே. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் ஊர் இது. அடைமழை நாட்களில், மலையடிவார வீடுகளில், மூட்டுவலியுள்ள முதியவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் அறை சற்றுக் கதகதப்பாக இருந்தால் நல்லதுதான். அதற்காகக் கதவு, சன்னல்களைச் சாத்திவிட்டுச் சட்டியில் கரித்தணல் வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மின் கணப்பில் எதுவும் எரிவதில்லை என்பதால் புகையோ நச்சுவாயுவோ சாம்பலோ கிடையாது. ஹீட்டர் அறையின் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று சிலர் அஞ்சுவது, மின்சாரத்தில் இயங்கும் ஹீட்டருக்குப் பொருந்தாது.

இனி இணைப்பு. 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கும் சார்ஜருக்கும் உள்ள 6 ஆம்பியர் பாயின்ட் அதைத் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக் பாயின்ட்டில், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், தனி எம்.சி.பி.யுடன் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இணைப்பதே முறை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிய ஹீட்டர்களின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் உலோகப் பின் கறுத்து, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருப்பதைக் காணலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டுப் பித்தளையில் பச்சை படிந்து தொடர்பு தளர்ந்துவிடுவதால், அந்த இடத்தில் இந்தச் சூடு இன்னும் விரைவாக ஏறும். எர்த் இணைப்பையும், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவு ஏற்பட்டால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்பதையும், மழைக்காலம் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்படும் கருவிகளைப் பற்றித்தான். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அங்கே 1500 வாட் என்று விற்கப்படும் ஹீட்டரை ஒரு மாற்று பின் (அடாப்டர்) வைத்து நம் 230 வோல்ட்டில் செருகினால், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திறன் கூடுவதால், அது சுமார் 5500 வாட்டாக உயர முயன்று சில நொடிகளில் கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். மாற்று பின் வோல்ட்டேஜை மாற்றுவதில்லை. பின்புறத் தகட்டில் 220-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே பயன்படுத்துங்கள். வளைகுடா நாடுகளிலிருந்து வருபவை பெரும்பாலும் நம் வோல்ட்டேஜுக்கு ஒத்துவந்தாலும், அவற்றின் சதுரப் பின் பிளக்கை நம் 16 ஆம்பியர் பிளக்காக எலக்ட்ரீசியனிடம் மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

வெப்பக்காற்று வரும் வாயிலின் முன்னே குறைந்தது ஒரு மீட்டர் காலியாக இருக்கட்டும்; திரைச்சீலை, மெத்தை, மழையில் காயாத துணி எதையும் அருகில் போடாதீர்கள்.

கட்டணக் கணக்கு எளிது. 2000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினமும் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 360 யூனிட் கூடும். இலவச யூனிட்டுகள் போனாலும் பில் கூடுதல் கட்டண அடுக்குக்குப் போய்விடும். அறை தேவையான அளவு சூடானதும் தானே அணையும் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இதில் ஒரு பகுதி மிச்சமாகும். சூடாக்கும் வசதியுள்ள ஏசி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதையே ஓட்டுங்கள்: அது வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், அதே சூட்டைக் குறைந்த மின்சாரத்தில் தந்துவிடும்.