மேசை சாயும் ரம்பத்துக்குப் பின்மேசை

எந்தத் தச்சுப் பட்டறைக்குள் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது ரம்ப மெஷினின் பின்பக்கத்தைத்தான். புது பிளேடு, நல்ல மோட்டார், பலகையை ஒட்டித் தள்ள நேரான தடுப்புப்பட்டையான கைடு என்று முன்பக்கத்துக்கு எல்லாரும் செலவழிக்கிறார்கள். பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பையன் நிற்கிறான். அறுபட்டு வரும் பலகையைப் பிடித்து இழுப்பது அவன் வேலை. அந்த இடத்தில் நிற்க வேண்டியது ஒரு மேசை, அதாவது பின்மேசை.

8 அடிப் பலகை பாதிக்கு மேல் பிளேடைத் தாண்டியதும் அதன் பாரம் மெஷினுக்கு வெளியே போய்விடுகிறது. முன்முனை தொங்குகிறது, வால் எழும்புகிறது. தள்ளுபவர் வாலை அழுத்துவார், பையன் முனையைத் தூக்கிக்கொண்டே இழுப்பான். அவன் கண் பலகையின் முனையில் இருக்கும். கைடை ஒட்டிப் பலகை வருகிறதா என்பது அவனுக்குத் தெரியாது. ஒரு விரற்கடை பக்கவாட்டில் இழுத்தால் போதும், அறுபட்ட விளிம்பு பிளேடின் பின்பற்களில் சாயும். முன்பற்கள் மரத்தைக் கீழே அழுத்துகின்றன. பின்பற்களோ கீழிருந்து மேலே ஏறுகின்றன. அவற்றில் மாட்டிய மரம் தூக்கப்பட்டுத் தள்ளுபவரை நோக்கிப் பாய்கிறது. 12 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றினால் பல்லின் நுனி வினாடிக்குச் சுமார் 46 மீட்டர், அதாவது மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மரத்தைப் பிடித்திருக்கும் பையனின் கையையும் அது பிளேடை நோக்கியே இழுத்துக்கொண்டு போகும். அடிபடுவது தள்ளுபவர் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

கோணமாக அறுக்கப் பிளேடே சாயும் மெஷின் என்றால் பின்மேசை செய்வது எளிது. அதன் மேசை அசையாது; பின்னால் அதே மட்டத்தில் இன்னொன்றைப் போட்டால் முடிந்தது. அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் 1939-இல் யூனிசா என்ற ரம்ப மெஷினைக் கொண்டுவந்தபோதே பிளேடு சாயும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆனாலும் பழைய வார்ப்பிரும்பு மெஷின்களிலும் பலவேலை மெஷின்களிலும் பிளேடு நேராகவே நிற்க, மேசைதான் 45 டிகிரி வரை சாய்கிறது. மேசை சாய்ந்ததும் பின்னால் நேராக நிற்கும் பின்மேசையின் ஒரு பாதி மேடாகவும் மறுபாதி பள்ளமாகவும் ஆகிவிடும். சாய்வாக வரும் கட்டை மேட்டில் முட்டி நிற்கும். முட்டிய கட்டையைத் தள்ளித் தாண்டவைக்கப் பார்ப்பது மனித இயல்பு. அந்த நேரத்தில் கை எங்கே இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்யத் தொடங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: வெட்டின் ஆழத்தை வைக்க உங்கள் மெஷினில் பிளேடு ஏறி இறங்குகிறதா, மேசை ஏறி இறங்குகிறதா? மேசை என்றால் தனிக்கால் வைத்த பின்மேசை சரிப்படாது. ஆழம் மாற்றும்போதெல்லாம் மட்டம் மாறும். மேசையின் பின்விளிம்பிலேயே இரும்பு ஆங்கிள் வைத்து, 12 மி.மீ. பிளைவுட்டில் ஒன்றரை அடிக்கு மேல் போகாத சிறு பின்மேசையைப் பிணைக்கலாம். ஏறும்போதும் சாயும்போதும் அது கூடவே வரும். கனமாகச் செய்யாதீர்கள். சாய்வை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு மேசையின் எடைக்காகச் செய்யப்பட்டது. கூடுதல் பாரமும் அதிர்வும் சேர்ந்தால் வெட்டின் நடுவில் கோணம் நழுவும். மெஷினின் காலையும் தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் நீளக் கட்டை பின்னால் போகும்போது மெஷினே மல்லாக்க விழப் பார்க்கும்.

மேசையின் உயரம் மாறாது என்றால் தனிக்கால் வைத்து, மேல்பலகை மட்டும் சாயும் பின்மேசை செய்யலாம். இரண்டும் ஒரே புள்ளியை மையமாகக் கொண்டு சாய வேண்டும். அந்த மையம் எங்கே இருக்கிறது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். கண்டுபிடிக்க ஒரு காகித அட்டை போதும். மேசைக்குப் பின்னால் அட்டையை அசையாமல் நிறுத்துங்கள். மேசை நேராக இருக்கும்போது பின்விளிம்பின் இடதுமுனை, வலதுமுனை இரண்டையும் அட்டையில் குறியுங்கள். மேசையை 45 டிகிரி சாய்த்து அதே இரு முனைகளை மறுபடி குறியுங்கள். இடதுமுனையின் இரு குறிகளையும் ஒரு கோட்டால் இணைத்து, கோட்டின் நடுவில் மூலைமட்டம் வைத்துச் செங்குத்துக் கோடு போடுங்கள். வலதுக்கும் அப்படியே. இரண்டு செங்குத்துக் கோடுகளும் வெட்டும் இடம்தான் மையம்; இரண்டும் ஒரே கோடாக விழுந்தால், அந்தக் கோடு நேரான மேசையின் பரப்பை வெட்டும் இடம். பின்மேசையின் மேல்பலகை சாயும் திருகாணியை அதே உயரத்தில், அதே நேர்க்கோட்டில் பொருத்தினால் எந்தக் கோணத்திலும் இரண்டு பரப்புகளும் ஒன்றாகவே சாயும்.

பின்மேசை ஒன்றிரண்டு மி.மீ. தாழ்ந்திருக்கலாம், உயர்ந்திருக்கக் கூடாது. முன்விளிம்பை இழைத்துச் சரிவாக்கிவிடுங்கள். பலகையைக் கோணத்தில் பிடித்துத் தள்ளும் கோணக் கைடு ஓடும் பள்ளங்களைப் பின்மேசையிலும் நீட்டி வெட்டாவிட்டால் அதன் பட்டை வந்து இடிக்கும். சிமெண்ட் தரை எங்கும் சமமாக இருப்பதில்லை என்பதால் கால்களுக்கு அடியில் திருகி உயர்த்தும் போல்ட் வையுங்கள்.

மேலே சன்மைக்கா ஒட்டலாமா என்று கேட்பார்கள். நேராக அறுக்கும்போது நல்லதுதான், பலகை வழுக்கிக்கொண்டு போகும். சாய்த்தால் அதே வழுக்கல் பகையாகும். மேசை வலப்பக்கம் தாழ்ந்து கைடும் வலப்பக்கம் இருந்தால் கட்டை தன் எடையாலேயே கைடில் சாய்ந்து நிற்கும், பிளேடும் கைடை விட்டு விலகிய சாய்வில் இருக்கும். இது நல்ல அமைப்பு. ஆனால் மேட்டுப்பக்கம் விழும் கழிவுத்துண்டு சும்மா கிடக்காது. சுழலும் பிளேடை நோக்கிச் சறுக்கி வரும். அதைக் கையால் எடுக்கப் போகாதீர்கள், பிளேடு நிற்கட்டும். பள்ளப்பக்கம், பின்மேசையில் கைடின் நேர்க்கோட்டுக்கு 3 மி.மீ. விலகி, நகர்த்தி இறுக்கும் பட்டைக்கட்டை ஒன்று வையுங்கள். அது இல்லாவிட்டால் அறுபட்ட சட்டம் கைடைத் தாண்டியதும் பக்கவாட்டில் சரிந்து, தன் வாலைப் பின்பற்களில் கொண்டுபோய் வைக்கும்.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகட்டைக் கழற்றி வீசிவிட்டு வேலை செய்யும் பட்டறைகளே அதிகம். பிளந்த மரம் மறுபடி மூடிக்கொண்டு பிளேடை இறுக்காமல் தடுப்பது அதுதான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகள் வட்ட ரம்பத்துக்கு அதைக் கட்டாயமாக்கின. மேசை மட்டத்தில் பற்களுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 10 மி.மீ.க்கு மேல் கூடாது என்றன. நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளை அந்தச் சட்டம் பொதுவாகத் தொடவில்லை. பிளேடு மட்டும் தொடுகிறது. மேசை சாயும் மெஷினில் தகட்டை மேசையில் பொருத்தக் கூடாது, மெஷினின் உடம்பில் பொருத்த வேண்டும். மேசையோடு சாய்ந்தால் பிளேடின் நேரை விட்டு அது விலகிவிடும். அப்படி நிற்கும் தகட்டுக்கு இடம்விட்டு, பின்மேசையின் முன்விளிம்பில் அகலமான வெட்டு ஒன்று தேவைப்படும்.

இவ்வளவும் செய்தாலும், 8-க்கு 4 அடி பிளைவுட்டைச் சாய்ந்த மேசையில் அறுக்க இந்தப் பின்மேசை இடம் தராது. 18 மி.மீ. தாள் முப்பது கிலோவுக்கு மேல் எடை. 45 டிகிரி சரிவில் அதைக் கைடோடு ஒட்டிப் பிடிக்க எவராலும் முடியாது. தாளைத் தரையில் கட்டைகளின் மேல் கிடத்தி, நேர்ப்பட்டை ஒன்றை கிளாம்ப் போட்டு, கைரம்ப மெஷினைச் சாய்த்து ஓட்டுங்கள். கதவுச் சட்டம், ஜன்னல் சட்டம், பீடிங் போன்ற ஒடுங்கிய நீளக் கட்டைகளுக்குத்தான் சாயும் பின்மேசை.

வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கீழே இறக்கி அல்லது கழற்றி வைத்து, நேரான 8 அடி ரீப்பர் ஒன்றை 0, 22, 45 டிகிரிகளில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முனை எங்கே இடறுகிறதோ அங்கே இழைப்புளி போடுங்கள். இடறாமல் கடைசி வரை போனால், பின்னால் நின்ற பையனுக்கு வேறு வேலை கொடுக்கலாம்.