கட்டியை எடுத்தாச்சு, மாத்திரை எதுக்கு?

மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். 44 வயது, விவசாயக் குடும்பம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து, தமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையைத் தொடங்கியவர், ஒன்றரை வருடத்தில் தானாகவே நிறுத்திவிட்டார். இப்போது இடுப்பெலும்பு வலியோடு வந்திருக்கிறார். பையில் பழைய அட்டை, பத்தில் ஏழு மாத்திரை அப்படியே.

"கட்டியத்தான் எடுத்தாச்சே டாக்டர். அதைப் போட்டா உடம்பெல்லாம் சூடா வருது."

"கோரையை மேலாக அறுத்தா விட்டுடுமாம்மா?" என்று கேட்டேன். "கிழங்கு மண்ணுல இருக்குமே" என்றார். அதேதான். கட்டி என்பது கைக்குத் தட்டுப்பட்ட பங்கு மட்டும். ஸ்கேனில் சிக்காத சில செல்கள் எலும்பிலோ நுரையீரலிலோ வருடக்கணக்கில் பதுங்கியிருக்கலாம். கத்தி அங்கே போகாது. ஸ்கேன் சுத்தமாக இருந்தால் உடம்பும் சுத்தம் என்று நினைக்காதீர்கள். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் ஏறமாட்டேன் என்கிறது.

பழுதான செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு உடம்பில் உண்டு. 1972-ல் அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல். புற்றுச் செல் உதிர மறுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். அந்த ஏற்பி உள்ள செல்லில் ஹார்மோன் ஒட்டியதும் பிசிஎல்-2 என்ற புரதம் கூடும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்தால் செல்லின் சாவு தொடங்கும். பிசிஎல்-2 அதைக் கசிய விடாது. ஹெர்-2 என்ற இன்னொரு ஏற்பி மிகுந்த செல்லில் ஏகேடி என்ற புரதம், பிசிஎல்-2 போன்ற புரதங்களை அடக்கும் 'பேட்' புரதத்தை முடக்கிவிடுகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2 என்று மூன்று வரி இருக்குமே, அது இதற்காகத்தான். அந்தத் தாளைத்தான் பாதிப் பேர் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள்!

தமாக்ஸிஃபென் அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்து ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் தராது. தினமும் உட்கார வேண்டும். 5 வருடம், சிலருக்கு 10. சத்து மாத்திரை போல நினைத்தபோது போடுவது இல்லை இது.

சூடு தாங்கவில்லையா, என்னிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது. மனச்சோர்வுக்கு வேறு டாக்டர் பராக்ஸெட்டினோ ஃப்ளூவாக்ஸெட்டினோ எழுதினால், தமாக்ஸிஃபென் சாப்பிடுவதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அவை இதன் வேலையைக் குறைக்கலாம். கால் வீங்கினாலோ, மாதவிலக்கு நின்றபின் இரத்தம் பட்டாலோ அன்றே வாருங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் முதலிலேயே பேசுங்கள்.

நிறுத்திவிட்டீர்களா? திட்டமாட்டேன். அட்டையையும் அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வாருங்கள்.