கலங்கல் தண்ணீர்தான் அதற்குச் சோறு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "சார், தொட்டிச் சுவரில் சோப்பு நுரை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு, மருந்து அடிக்கலாமா?"

அது மரத்தவளையின் நுரைக்கூடு. குளியலறை மூலையில் அப்பிக்கொண்டிருக்குமே, அந்தப் பழுப்புத் தவளைதான். தேரை என்றும் சொல்வார்கள். தேங்காய்ப் பருப்பைத் தின்றுவிடும் என்ற பழி வேறு அதன் தலையில்! உண்மையில் அது பூச்சி தின்னும் பிராணி.

சில நாட்களில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் கீழே உள்ள தண்ணீரில் விழும். வயலோரக் குட்டையில் குனிந்து பார்த்தால், கல்லிலும் மட்கிய இலையிலும் வாயை வைத்துச் சுரண்டிக்கொண்டே இருக்கும். உதட்டில் வரிவரியாகச் சின்னப் பற்கள், நடுவே கிளி மூக்கு போல ஓர் அலகு. இரண்டும் நம் நகத்தைப் போன்ற கெரட்டின்தான். பாசி, அதில் ஒட்டிய நுண்ணுயிர், அழுகல் எல்லாம் உள்ளே போகும். சத்துக் குறைந்த சாப்பாடு என்பதால் குடல் மிக நீளம். வயிற்றுத் தோல் வழியாகவே அது சுருள் சுருளாகத் தெரியும்.

இது தெரியாமல்தான் ஒரு பள்ளியில் பிள்ளைகள் தலைப்பிரட்டைகளை 'சுத்தமான' கேன் தண்ணீருக்கு மாற்றி, தினமும் சோறு போட்டார்கள். சோறு புளித்துத் தண்ணீர் நாறி, பெரும்பாலானவை மிதந்தன. மிச்சமிருந்தவை செத்தவற்றைக் கொறித்ததைப் பார்த்து ஆசிரியை பதறிவிட்டார். குட்டையிலும் அப்படித்தான். கிடைத்த புரதத்தை அது விடாது.

இலங்கையில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சில தலைப்பிரட்டைகள் டெங்கு கொசுவின் முட்டைகளைத் தின்றது பதிவாகியிருக்கிறது. அதற்காகத் தொட்டியைத் திறந்து போடாதீர்கள், அது ஆய்வகத்தில் பார்த்தது.

முன்கால் வெளிவந்ததும் சாப்பாடு நின்றுவிடும். பல் உதிர்ந்து, வாய் அகன்று, குடல் சுருங்குகிற நேரம் அது. வால் கரைந்து அந்தச் சத்தில்தான் உயிர் ஓடும். அப்போது அதற்கு வேண்டியது தீனியல்ல, ஏறி உட்கார ஒரு குச்சி, இல்லையென்றால் மூழ்கிவிடும்.

சரி, தொட்டி நுரைக்கு வருவோம். மருந்து வேண்டாம். ஈர அட்டையால் மெதுவாக வழித்தெடுத்து, பக்கத்துக் குட்டைமேல் தாழ்ந்து தொங்கும் கிளையில் அப்பிவிடுங்கள். அப்புறம் தொட்டியை மூடிவையுங்கள்.