கொழுந்து காத்திருக்காது

கோத்தகிரிப் பக்கம் காலையில் பறித்த தேயிலைக் கொழுந்து அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். விலை ஏறட்டும் என்று நெல்லைப் போல அடுக்கி வைக்க முடியாது. ஆகவே சிறு விவசாயியின் பேரமெல்லாம் ஒரே கேள்வியில் இருக்கிறது: இந்த ஃபேக்டரி வேண்டாம் என்றால், வண்டியைத் திருப்ப இன்னொரு ஃபேக்டரி உண்டா?

ஒரு கற்பனைக் கணக்கு. ஐந்து ஃபேக்டரிகள் கிலோவுக்கு 20 ரூபாய் தருகின்றன. ‘எதற்குப் போட்டி? எல்லாரும் 17 தருவோம்’ என்று முதலாளிகள் கூடிப் பேசுகிறார்கள். கிலோவுக்கு 3 ரூபாய் மிச்சம். ஆனால் ஒருவர் ரகசியமாக 18 கொடுத்தால் போதும், அக்கம்பக்கத்து மூட்டையெல்லாம் அவர் வாசலில் இறங்கும்; அப்போதும் அவருக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் மிச்சம்தான். இந்த ஆசை ஐவருக்குமே உண்டு. அதனால் யார் எவ்வளவு இலை எடுத்தார்கள் என்று ஒருவரையொருவர் வேவு பார்த்தாக வேண்டும். வேவு என்றால் போன், மெசேஜ், கூட்டம். தடயம் விழுவது அங்கேதான்.

தடயம் ஏன் வேண்டும்? விலை ஒன்றாக இருப்பது மட்டும் குற்றமல்ல. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் விலை சரிந்தால், யாரும் யாரிடமும் பேசாமலே எல்லா ஃபேக்டரியும் இலை விலையைக் குறைக்கும். “எல்லாம் பேசி வச்சுக்கிட்டாங்க” என்று டீக்கடையில் சொல்வது எளிது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் கூடிப் பேசிக் கொள்முதல் விலையை முடிவு செய்வதையும் தடுக்கிறது. ஆனால் பேசியதற்கு ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரத்தைக் கூட்டாளியிடமிருந்தே கறப்பதுதான் சட்டத்தின் சாமர்த்தியம். முதலில் வந்து முழு உண்மையையும் சொல்பவருக்கு அபராதத்தில் 100 சதவீதம் வரை சலுகை. இரண்டாமவருக்கு 50 வரைதான். காட்டெருமைக்குப் பயந்து இரவில் எடுத்துப்போகிறோமே டார்ச், அதன் பேட்டரிக்கே கம்பெனிகள் கூடி விலை பேசியபோது இது நடந்தது. அவற்றில் ஒன்றான பானசோனிக், இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் தானாகவே போய் ஒப்புக்கொண்டது. 2018இல் தீர்ப்பு வந்தபோது அதற்கு அபராதம் முழுக்கத் தள்ளுபடி. கூட்டாளி எவரெடிக்குச் சுமார் 171 கோடி ரூபாய் அபராதம்.

சரி, வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், கொழுந்து ஒரு நாள்கூடத் தாங்காது. என்னைக் கேட்டால், மலையில் வேகமான மருந்து கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரிதான். அங்கே 19 கிடைத்தால் ஐவரின் 17 நிற்காது. ஆனால் அந்த ஃபேக்டரியில் இடம் இருக்க வேண்டும், பணமும் காலத்தில் பட்டுவாடா ஆக வேண்டும்.