சிபி/எம் ஃப்ளாப்பிகளை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்

1980-களின் தொடக்கத்து ஃப்ளாப்பி ஒன்றை டாஸ் கணினியில் போட்டதும் பிழைச் செய்தி வருகிறதா? உடனே வட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி ஃபார்மேட் செய்துவிட வேண்டாம். அது சிபி/எம் வட்டாக இருக்கலாம்.

கேரி கில்டால் 1974-இல் இன்டெல் 8080 சில்லுக்காக எழுதிய இயங்குதளம் இது. வன்பொருளைத் தொடும் பகுதியைப் பிற்பாடு அவர் பயாஸ் என்று தனியே பிரித்தார். நிறுவனங்கள் அதை மட்டும் தங்கள் கணினிக்கேற்பத் திருத்திக்கொண்டால் போதும். சிபி/எம் பரவியது இதனால்தான். இன்று நமக்குத் தலைவலியும் இதனால்தான். வட்டு அமைப்பும் பயாஸ் கையில் இருந்ததால், ஆஸ்போர்ன், கேப்ரோ என ஒவ்வொருவரும் 5.25 அங்குல வட்டைத் தம் விருப்பப்படி பிரித்தார்கள். பொதுவாக நிலைத்தது ஐபிஎம் 3740 முறையிலான 8 அங்குல வட்டு ஒன்றுதான்: 77 ட்ராக் (வட்டப் பாதை), ஒவ்வொன்றிலும் 26 செக்டர் (பாதையின் துண்டு), செக்டருக்கு 128 பைட். முதல் 2 ட்ராக் இயங்குதளத்துக்கு.

முதலில் உறையையும் லேபிளையும் படம் எடுங்கள். சிபி/எம் 2.2 கோப்புகளுக்குத் தேதி பதிவதில்லை; எழுதிய காலத்துக்கு அந்தக் கையெழுத்தே சாட்சி.

அடுத்தது, வட்டில் தவறுதலாக எதுவும் எழுதப்படாமல் காக்கும் எழுத்துத் தடை. இதில்தான் பலர் தவறுகிறார்கள். 5.25 அங்குல வட்டில் ஓர வெட்டை ஸ்டிக்கரால் மூடினால் எழுத முடியாது. 8 அங்குலத்தில் நேர்மாறு: மூடினால் எழுதலாம், திறந்திருந்தால் தடை.

பிறகு, ஃப்ளாப்பி டிரைவைக் கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசில் போன்ற பலகை வழியாகக் காந்தச் சமிக்ஞையையே நகலெடுங்கள். சாதாரண பிசி கன்ட்ரோலர்கள் பலவற்றுக்கு ஒற்றை அடர்த்தி என்ற பழைய பதிவு முறை வட்டைப் படிக்கத் தெரியாது. மற்ற வேலையெல்லாம் நகலில்தான்.

நகலில் 128 எழுத்துக்கு ஒருமுறை வாக்கியம் தாவினால், செக்டர் வரிசை தவறு. அந்த 8 அங்குல வட்டில் 1, 7, 13, 19, 25, 5 என ஆறு ஆறாகத் தாண்டிப் படிக்க வேண்டும். ஒரு செக்டரைக் கையாளச் சில்லுக்கு நேரம் தேவைப்பட்டதால் வந்த ஏற்பாடு அது. சொற்களின் கடைசி எழுத்து மட்டும் குப்பையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் வேர்ட்ஸ்டார் என்ற சொற்செயலியின் ஆவணம். ஒவ்வொரு பைட்டின் எட்டாவது பிட்டையும் நீக்கினால் சரியாகும்.

அழித்த கோப்புகளையும் மீட்கலாம். அழிக்கும்போது டைரக்டரியில் (வட்டின் கோப்புப் பட்டியல்) அந்தக் கோப்புக்கான பதிவின் முதல் பைட் 229 ஆக மாறும், அவ்வளவுதான். அதை 0 ஆக்கினால், இடம் மறுபடி பயன்படாதவரை கோப்பு திரும்பும். மேலே சொன்ன 8 அங்குல வட்டில் 16 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்புக்குப் பல பதிவுகள் இருக்கும், எல்லாவற்றையும் திருத்துங்கள்.