மேற்கே பார்த்த ஆன்டெனாக்கள்

காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தானில் என் அப்பத்தா வீட்டு ஓடுகளுக்கு மேலே, ஓர் இரும்புக் குழாயின் உச்சியில் தூர்தர்ஷன் ஆன்டெனா நின்றது. தெருவிலிருந்த மற்ற ஆன்டெனாக்களைப் போல அதுவும் மேற்கே பார்த்தது. அங்கேதான் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர்.

இராமேசுவரம் இதைவிடப் பக்கம், சுமார் 110 கிலோமீட்டர். அங்கே 323 மீட்டர் உயரக் கோபுரத்தைத் தூர்தர்ஷன் பின்னாளில் எழுப்பியது. ஆனாலும் எங்களுக்கு வாய்த்தது மலைதான். காரணம் பூமியின் உருண்டை வடிவம். தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் நேராகவே போகும். காற்றின் அடர்த்தி மாறுவதால் சிறிதளவே கீழே வளையும். கோபுர உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அலை எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று தெரியும். 323 மீட்டருக்கு 74. பத்து மீட்டர் உயரத்தில் நம் ஆன்டெனா இருந்தால் இன்னும் 13 சேரும். ஆக 87; அதற்குமேல் நிலம் சரிந்து மறைத்துவிடும். கொடைக்கானலோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். அங்கிருந்து அலை எட்டும் தூரம் 189 கிலோமீட்டர்! மனிதன் கட்டிய எந்தக் கோபுரமும் அந்த மலைக்கு ஈடாகாது.

தடையே இல்லை என்று சொல்ல மாட்டேன். திண்டுக்கல்லுக்குத் தெற்கே சிறுமலை குறுக்கே படுத்திருக்கிறது. அதன் முகட்டைத் தொடும் அலை சற்றே மடங்கி மறுபக்கம் இறங்கும். அப்படி இறங்குவதில் வலிமை குறையும். மழைச்சாரல் போலப் படத்தில் புள்ளிகள் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் ஆன்டெனாவில் அத்தனை குழாய்கள். பின்னால் இருக்கும் நீளமான குழாய் அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் இருக்கும் குட்டையானவை அதை நடுக்குழாயில் குவிக்கும். ஒரு திசையை மட்டும் கூர்ந்து கேட்கும் காது அது. காற்றில் கொஞ்சம் திரும்பினாலும் ஐயா மாடியேற வேண்டியதுதான்.

வீட்டின் உள்முற்றமான வளவில் அப்பத்தா வைத்திருந்த ரேடியோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 320 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை தரையை ஒட்டி வளைந்தே வரும். சுவரும் தோப்பும் அதற்கு ஒரு பொருட்டல்ல. மேலே போகும் அலையைப் பகலில் அயனி மண்டலத்தின், அதாவது வானத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றுப் பகுதியின், அடியடுக்கு விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு கரைந்ததும், உயரத்திலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையங்களும் கேட்கும்.

இப்போது தூர்தர்ஷனின் இலவச டிஷ் கிண்ணங்கள் தென்கிழக்கே, வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. அவை தேடுவது பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு 93.5 பாகையில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை. அங்கிருந்து பார்த்தால் சிறுமலை ஒரு மறைப்பே இல்லை.

மேற்கே பார்த்த குழாய்கள் துருப்பிடித்துவிட்டன. ஆனால் கொடைக்கானல் மலை இன்னும் பேசுகிறது. காரைக்குடியிலிருந்து ஊருக்கு வரும்போது காரில் 100.5-இல் கோடைப் பண்பலையை வைப்பேன். சாலை பள்ளத்தில் இறங்கும் இடங்களில் இரைச்சல் கூடுகிறது. கண்மாய்க்கரை மேட்டில் ஏறியதும் பாட்டு தெளிகிறது.